பாத்ரூமுக்கு ரோஸ் அடித்த கதை: நாலு அட்டை, மூன்று பல்பு, வீணாய்ப் போன ஒரு லிட்டர்

எங்கள் வீட்டு பாத்ரூமில் வாஷ்பேசினும் கம்மோடும் ரோஸ் கலர். 1992-ல் அப்பா வீடு கட்டும்போது கடைக்காரர் வெள்ளை, பச்சை, நீலம், ரோஸ் என்று நாலைக் காட்ட, அம்மா ரோஸைக் கை காட்டியிருக்கிறார். இன்றுவரை அதில் ஒரு கீறல் கிடையாது. சுவர்தான் போய்விட்டது. தரையிலிருந்து நாலரை அடிக்கு வெள்ளை டைல்ஸ், அதற்கு மேல் கூரைவரை வெளிர்நீல டிஸ்டம்பர், தொட்டால் மாவாகக் கையில் வரும். சாமானை மாற்றி எல்லாவற்றையும் வெள்ளையாகப் போட்டுவிடலாம் என்று நானும், "நல்லா இருக்கறத எதுக்குடி உடைக்கிற" என்று அம்மாவும் ஒரு மாதம் மல்லுக்கட்டி, கடைசியில் சாமான் அப்படியே இருக்கட்டும், சுவருக்கு அதோடு சேர்கிற மாதிரி ஒரு ரோஸ் அடிப்பது என்று முடிவானது. ஒரு பெயிண்டரிடம் சொல்லி வைத்தேன். இத்தனை சின்ன வேலைக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் வரவும் இல்லை. சரி, நாமே அடிப்போம்.

அறை எட்டுக்கு ஐந்தடி. வடக்குப் பக்கம் ஒரு வென்டிலேட்டர், கண்ணாடிப் பட்டை வைத்தது, வெயில் நேராக உள்ளே விழவே விழாது. கதவுக்கு மேலே ஒரு எல்இடி பல்பு. இந்த மூன்று விஷயத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளாமல்தான் ஒரு லிட்டர் பெயிண்டை வீணாக்கினேன்.

முதலில் சுவர். சுரண்டுகிற தகட்டால் டிஸ்டம்பரை எடுத்தபோது பேசினுக்கு மேலே ஒரு இடத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி உப்பு பூத்திருந்தது. இதைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய், காய்ந்ததும் மறுபடி வெளியே வரும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டி எடுக்க வேண்டும். ஆனால் உப்பு வருகிறது என்றால் உள்ளே எங்கோ தண்ணீர் இருக்கிறது என்றுதானே அர்த்தம். ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் ஷீட்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டேன். மறுநாள் ஷீட்டின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர். வெளிப்பக்கத்தில் நீர் நின்றிருந்தால் அது குளிக்கிற ஆவி, ஜன்னலைத் திறந்தால் தீரும். உள்பக்கம் என்றால் சுவரே கசிகிறது. பிளம்பர் வந்து உடைத்துப் பார்த்தார். சுவருக்குள் போன பழைய ஜிஐ பைப்பின் எல்போ துருப்பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை. அந்தத் துண்டை சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றினோம். உடைத்த இடத்தில் புதுப் பூச்சு பூசி, அது ஈரம் காயவும் அதன் காரத்தன்மை அடங்கவும் ஒரு மாதம் விட்டேன். புதுச் சிமெண்ட் பூச்சில் அவசரப்பட்டு பெயிண்ட் அடித்தால் காரம் பெயிண்டைத் தின்னும், நிறமும் திட்டுத் திட்டாகப் போகும். சிவப்பு வகை நிறங்களில் சில இதில் சீக்கிரம் அடிபடும்.

கூரை மூலையில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. ப்ளீச்சை ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுத் துடைத்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நம் வீடுகளில் பாத்ரூம் தரைக்கு ஆசிட் ஊற்றுகிற பழக்கம் உண்டு. ஆசிட் இருக்கிற இடத்தில் ப்ளீச் பட்டால் குளோரின் வாயு வரும், அந்தச் சின்ன அறையில் அது விளையாட்டில்லை. ஆசிட் டப்பாவை முதலில் மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் ப்ளீச் பாட்டிலையே திறந்தேன்.

அந்த ஒரு மாதக் காத்திருப்பில்தான் நிறம் தேர்ந்தெடுக்கிறேன் என்று இறங்கினேன். பெயிண்ட் கடை ஷேட் கார்டு கையில் வந்தால் யாருக்குமே கொஞ்சம் தலை சுற்றும். ரோஸ் மட்டும் அறுபது எழுபது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதைப் பெயர், ஆனால் பெயரைப் படித்தால் எந்த ரோஸ் என்று கண்ணில் வருவதில்லை. புடவைக் கடையில் அந்தக் கஷ்டமே இல்லை பாருங்கள். பஞ்சுமிட்டாய், வெங்காயத் தோல், கனகாம்பரம், ராணி பிங்க் என்றால் போதும், சேல்ஸ் பையன் சரியாக எடுத்துப் போட்டுவிடுவான். அம்மா கார்டைப் பார்த்துவிட்டு, "இது பல்பொடி, இது ரோஸ்மில்க், இது புண்ணுக்குப் போடற மருந்து" என்று பெயர் வைத்துக்கொண்டே போனார். சிரித்தேன், ஆனால் கடைசிவரை நான் அந்தப் பெயர்களைத்தான் வைத்துக்கொண்டேன். கார்டில் போட்டிருந்த நம்பர் எனக்கு எதுவுமே சொல்லவில்லை.

அப்போது எனக்கு ஒரு மகா யோசனை தோன்றியது. பேசினோடு சேர வேண்டும் என்றால் பேசினின் நிறத்தையே எடுத்துவிட்டால் என்ன? பேசினைக் கழற்ற முடியாது. ஃப்ளஷ் டேங்க்கின் மூடி தனியாக வரும், அதுவும் அதே பீங்கான், அதே ரோஸ். பழைய பூந்துவாலையில் சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி, திருச்சி கே.கே. நகரிலிருந்து கடைவரை முப்பதைத் தாண்டாமல் ஓட்டிக்கொண்டு போனேன். கடையில் இருந்த எல்லாரும் கவுண்டரில் கம்மோடு மூடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கடைக்காரர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. விசிறி மாதிரி விரிகிற பெரிய கார்டை எடுத்து, மூடியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு பட்டையாக மேலே படுக்கவைத்துப் பார்த்து, ஒன்றைக் காட்டினார். பட்டை எங்கே முடிகிறது மூடி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அச்சு அசல். மெஷினில் ஒரு லிட்டர் கலந்து வாங்கி வந்துவிட்டேன்.

சுவர் காய்ந்தது. பாலிதீன் ஷீட்டை மறுபடி ஒட்டிப் பார்த்தேன், உள்பக்கம் சொட்டு இல்லை. ஒயிட் சிமெண்ட் பட்டி ரெண்டு கோட், 220 நம்பர் உப்புத்தாள் போட்டு இழைத்து, தூசி துடைத்து, ப்ரைமர் ஒரு கோட். பட்டியில் ரெண்டு வகை உண்டு, அக்ரிலிக் பட்டி வழவழவென்று சுலபமாக வரும், ஆனால் ஈரம் தட்டுகிற இடத்துக்கு ஒயிட் சிமெண்ட் பட்டிதான் தாங்கும். உப்புத்தாள் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், ரெண்டு நாள் கழுத்து வலிக்கும்.

பேசின் பக்கத்துச் சுவரில் முதல் கோட். பாலில் ரெண்டு சொட்டு ரோஸ் எசன்ஸ் விட்ட மாதிரி வெளிறி இருந்தது. எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது பால் கலந்த மாதிரி வெளுப்பாகத்தான் தெரியும், காயக் காயத்தான் நிறம் அழுத்தமாகும், அதனால் பயப்படவில்லை. மத்தியானத்துக்குள் காய்ந்தது, ரெண்டாவது கோட்டும் எதிர்ச்சுவருக்கு ஒரு கோட்டும் போட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு லைட்டைப் போட்டேன்.

சுவர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அதற்கு முன்னால் பேசின், அதே நிறம் என்று சத்தியம் செய்து வாங்கிய பேசின், பழுத்த பப்பாளிப் பக்கம் போயிருந்தது. ரெண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அப்பா எட்டிப் பார்த்து, "கல்யாண மண்டபமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஏன் இப்படி ஆனது என்று அன்று இரவு உட்கார்ந்து படித்ததில் ரெண்டு விஷயம் தெளிவானது. ஒன்று பல்பு. என்னுடையது 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு), பெட்டியில் கூல் டேலைட் என்று போட்டிருக்கும், கடையில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது அதைத்தான். அதில் நீலம் தூக்கலாக இருக்கும். ரெண்டு பொருள் ஒரு வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரியும், வெளிச்சம் மாறினால் பிரிந்துவிடும். ஏனென்றால் ரெண்டுக்குள்ளும் இருக்கிற சாயம் வேறு வேறு, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றியது ஒரு தற்செயல், அவ்வளவுதான். பீங்கானுக்கு ரோஸ் கொடுக்கிற சாயங்கள் 1200 டிகிரிக்குப் பக்கத்தில் சூளையில் வெந்தும் பிழைத்து நிற்கிறவை. வெள்ளீயமும் குரோமியமும் சேர்ந்த ஒரு வகை, இரும்பும் சிர்க்கோனியமும் சேர்ந்த இன்னொரு வகை, இந்த ரெண்டாவது கொஞ்சம் பவளம் மாதிரி வரும். பெயிண்ட் டப்பாவில் அதெல்லாம் போடுவதில்லை. என் டப்பா மூடியில் ஒட்டியிருந்த ஃபார்முலா ஸ்டிக்கரை அப்போதுதான் படித்தேன். வெள்ளை பேஸ், அதாவது சாயம் சேர்க்காத பெயிண்ட், அதில் முக்கியமாக மெஜந்தா. மெஜந்தாவுக்குள் நீலம் ஒளிந்திருக்கும், என் பல்பு அதைத் தேடிப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறது.

ரெண்டாவது, அறையின் அளவு. எட்டுக்கு ஐந்தில் எதிரெதிர்ச் சுவர் ரெண்டும் ஒரே ரோஸ் என்றால், இந்தச் சுவரில் பட்டு ரோஸாகிற வெளிச்சம் அந்தச் சுவரில் போய்ப் பட்டு இன்னும் ரோஸாகித் திரும்பி வருகிறது. கார்டில் கட்டைவிரல் அளவுக்கு அழகாக இருந்தது சுவரில் ரெண்டு மடங்கு கத்துவது இதனால்தான். பளபளக்கிற பீங்கான் சாமானுக்கு அந்த அழுத்தம் பொருந்தும், சின்ன சாமான், சுற்றிலும் வெள்ளை டைல்ஸ். அதையே சுவர் முழுக்க விரித்தால் கம்மோடுக்குள்ளேயே நிற்கிற மாதிரி இருக்கிறது.

படிக்கும்போது கண்ணில் பட்டது: 1979-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு கடற்படைச் சிறையில் ஒரு அறைக்கு அழுத்தமான ரோஸ் அடித்தார்களாம், உள்ளே போடுகிற ஆளுக்கு ஆவேசம் அடங்கும் என்று. அந்த ரோஸுக்கு அந்தச் சிறை அதிகாரிகள் ரெண்டு பேரின் பெயரையே வைத்து பேக்கர்-மில்லர் பிங்க் என்றார்கள். பின்னால் வேறு ஆட்கள் சோதித்துப் பார்த்தபோது அந்தப் பலன் நிற்கவில்லை. எங்கள் வீட்டிலும் நிற்கவில்லை, எனக்கு ஆவேசம் ஏறத்தான் செய்தது.

அடுத்த நாள் முதல் வேலையாகப் பல்பு. 3000 கெல்வின் ஒன்று, 4000 ஒன்று, ரெண்டும் வாங்கினேன். இருந்த 6500-ஐயும் சேர்த்து மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது மாதிரி கண் திறந்த பாடம் வேறில்லை. அதே சுவர், 3000-ல் தோசை நிறம் கலந்த பீச், 6500-ல் கத்தரிப்பூ, 4000-ல்தான் பகலில் பார்த்ததற்குக் கிட்டத்தில் வந்தது. பல்புப் பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு, 80-க்கு மேல் என்று பெரும்பாலும் போடுவார்கள், 90 கிடைத்தால் விடாதீர்கள். அந்தச் சராசரி எண் எட்டு மங்கலான நிறங்களை வைத்துக் கணக்கிடுவது, அடர் சிவப்பு அதில் சேர்த்தியே இல்லை. அதனால் மட்டமான பல்பில் மற்றதெல்லாம் ஒழுங்காகத் தெரிந்தாலும் ரோஸும் முகத்தின் நிறமும் மட்டும் சாம்பல் பூசினாற்போல் செத்துக் கிடக்கும். 90 போட்ட 4000 ஒன்றைத் தேடி வாங்கி அதை மாட்டினேன். அதற்குப் பிறகுதான் மறுபடி நிறம்.

இந்த முறை மூடியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. பேசினோடு அச்சாகச் சேர்வது என்பதையே விட்டுவிட்டேன். ஒரே நிறமாக வரப் பார்த்து மயிரிழை தவறினால் தவறு என்று தெரியும், வேண்டுமென்றே தள்ளி நின்றால் அண்ணன் தங்கை மாதிரி தெரியும். கத்தரிப்பூப் பக்கம் போகாமல் பவளம், காவிப் பக்கம் சாய்ந்த, பேசினைவிட வெளுத்த, கொஞ்சம் அழுக்கு கலந்த ரோஸ். அழுக்கு என்றால் முகம் சுளிக்காதீர்கள். கார்டில் "இதென்ன ரோஸா, சாம்பலா" என்று சந்தேகப்படுகிற பட்டைதான் சின்ன அறையின் சுவரில் நல்ல ரோஸாக நிற்கிறது.

நாலு நிறத்தைக் கடையில் கிடைத்த மிகச் சின்ன அளவில் வாங்கினேன். சுவரில் நேராக அடித்துப் பார்க்கவில்லை, ஏற்கெனவே ஒரு ரோஸ் இருக்கிற சுவரில் இன்னொரு ரோஸை அடித்தால் கண் ஏமாறும். நாலு வெள்ளை சார்ட் அட்டை, ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ரெண்டு விரல் வெள்ளை விட்டு ரெண்டு கோட். பின்னால் எந்தப் பெயர், எத்தனை கோட் என்று பேனாவால் எழுதிக்கொண்டேன். காய்ந்தபின் பேசினுக்கு மேலே சுவரில் நிற்கவைத்து ஒட்டினேன். படுக்கவைத்துப் பார்த்தால் மேலிருந்து வெளிச்சம் விழுந்து வேறு நிறமாகத் தெரியும்.

கனகாம்பரம் பகலில் அழகு, ஆனால் எங்கள் டைல்ஸ் நீலம் தட்டின பழைய வெள்ளை, அதற்குப் பக்கத்தில் இது ஆரஞ்சாகி, டைல்ஸைக் கழுவாத மாதிரி காட்டியது. கொய்யாப்பழம், அதாவது உள்ளே சிவந்த நாட்டுக் கொய்யா, எனக்கு மிகவும் பிடித்தது, ரெண்டு நாள் அதற்காகவே வாதாடினேன், ஆனால் வடக்கு வென்டிலேட்டர் வெளிச்சத்தில் காலை ஆறரைக்கு அறையே இருண்டது. ரோஸ்மில்க் முதலில் வாங்கியதன் தங்கச்சி, இரவில் அதே சண்டை. வெங்காயத் தோல்தான் மிச்சம். சின்ன வெங்காயத்தை உரிக்கும்போது வெளித் தோலுக்கு அடியில் வருமே, மெல்லிசாக ஒரு ரோஸ், அது. நாலு நாள் ஒட்டியபடியே விட்டு, காலையில் பல் தேய்க்கும்போது, மத்தியானம் லைட் இல்லாமல், இரவில் லைட் போட்டு என்று ஒவ்வொரு நேரமும் பார்த்தோம். இரவு ஒன்பது மணிக்கு அம்மா கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுல மூஞ்சி நல்லா தெரியுது, இதையே அடி" என்றார்.

அப்படியே அடிக்கவில்லை. அட்டையில் சரியாக இருப்பது நாலு சுவரில் ஏறும் என்று ஒரு லிட்டர் கொடுத்துக் கற்ற பாடம் இருக்கிறதே, கடையில் போய் "இதே ஷேட், ஃபார்முலாவில் பாதி" என்று கேட்டேன். மெஷினில் அது சாதாரண விஷயம், அதே பேஸில் சாயத்தை மட்டும் பாதி விடுவார்கள். வந்த ஸ்டிக்கரில் ரெட் ஆக்சைடு, துளி மஞ்சள் ஆக்சைடு, துளி கறுப்பு. ரெட் ஆக்சைடு என்பது வேறொன்றுமில்லை, நம் திண்ணைக் காவி, இரும்பு ஆக்சைடு. வெயிலுக்கும் வெளுக்காது, சிமெண்ட் காரத்துக்கும் அசையாது. அழுக்கு ரோஸ் என்று நான் சொன்னது உண்மையில் வெள்ளையில் கரைத்த காவிதான்.

கடைக்காரர் நல்ல மனிதர், பாத்ரூம் என்றதும் ஆயில் எனாமல் அடியுங்கள், கழுவலாம் என்றார். கழுவலாம், உண்மைதான். ஆனால் எண்ணெய் எனாமல் வெளிச்சம் குறைந்த இடத்தில் நாள்பட மஞ்சளிக்கும். வெள்ளை அடித்தால் கிரீம் ஆகும், ரோஸ் அடித்தால் ரெண்டு வருஷத்தில் தானாகவே கனகாம்பரம் ஆகிவிடும். அதனால் கழுவக்கூடிய எமல்ஷன், லேசான மினுமினுப்பு. முழுப் பளபளப்பும் வேண்டாம், என் பட்டி வேலையின் மேடு பள்ளத்தை ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

கணக்கு: சுற்றளவு 26 அடி, டைல்ஸுக்கு மேல் ஐந்தரை அடி, 143 சதுர அடி. கதவின் மேல்பகுதியும் வென்டிலேட்டரும் போக 134. டப்பாவில் போட்டிருக்கிற கணக்குக்கு ஒரு லிட்டரில் முடிய வேண்டும், கை பழகாதவர்களுக்கு முடியாது, இன்னொன்று மெஷினில் கலக்கிற பேஸ் டப்பாவில் சாயத்துக்கு இடம் விட்டு ஒரு லிட்டருக்குக் குறைவாகவே இருக்கும். ரெண்டு டப்பா வாங்கி, திறந்ததும் ரெண்டையும் ஒரு சுத்தமான வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டேன். தனித்தனியாகக் கலந்த டப்பாக்களில் துளி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், பாதிச் சுவரில் ஒன்று முடிந்து இன்னொன்றைத் திறந்தால் கோடு தெரியும்.

முதல் ரோஸ் மேல் ஒரு கோட் ப்ரைமர், பிறகு டைல்ஸ் விளிம்பில் மாஸ்கிங் டேப், மூலைகளை ரெண்டு இன்ச் பிரஷ்ஷால், நடுவை ரோலரால். டேப்பைக் கடைசிக் கோட் முழுக்கக் காய்வதற்கு முன்னாலேயே உரிக்க வேண்டும். நான் ஒரு பக்கம் மறந்து மறுநாள் உரித்தேன், பெயிண்ட்டும் பட்டையாகக் கூடவே வந்தது, அந்த ஓரத்தைச் சின்ன பிரஷ்ஷால் ஒட்டுப்போட ஒரு மணி நேரம். கூரைக்கு சாதா வெள்ளை. சுவரிலிருந்து ஏறுகிற வெளிச்சத்தில் அதுவே ரோஸாகத்தான் தெரிகிறது, அதற்குத் தனியாக ரோஸ் அடிக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு வாரம் வெந்நீரில் குளிக்கவில்லை, பெயிண்ட் நன்றாக இறுகட்டும் என்று. இப்போது நாலு மாதம் ஆகிறது. உப்பு பூத்த இடத்தை வாரம் ஒருமுறை கையால் தடவிப் பார்க்கிறேன், இதுவரை வழவழப்பாகவே இருக்கிறது. பேசினும் சுவரும் ஒரே நிறம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. போன வாரம் வந்த சித்தி மட்டும், "பேசின் புதுசா மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

மிச்சம் கால் லிட்டர் இருக்கிறது, மூடியில் ஸ்டிக்கரோடு, தேதி எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். முதலில் வாங்கிய கத்தரிப்பூவில் அரை டப்பாவுக்கு மேல் மீந்தது, அம்மா அதை மாடியில் மண் தொட்டிகளுக்கு அடித்துவிட்டார். நல்ல வெயிலில், பச்சைச் செடிக்குக் கீழே, அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.